வேலிக்கு உள்ளே கிடக்கும் மரம்

நவம்பர் 18, 2018

கஜா புயல் கரையைக் கடந்து இரண்டு நாள் ஆகிறது. இன்றுதான் தோப்புக்குள் போக முடிந்தது. நடக்க வழியில்லை, மரத்துக்கு மரம் ஏறி இறங்கித்தான் போனேன். இரண்டு ஏக்கரில் 138 தென்னை. எண்ணிப் பார்த்ததில் 112 சாய்ந்துவிட்டது. எல்லாம் அப்பா குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்தவை. ஒரு மரத்தில் வெடிக்காத பாளை இருந்தது. தொட்டால் இன்னும் ஈரம். அதற்குமேல் எண்ண மனம் வரவில்லை.

நவம்பர் 22

ரோட்டில் கிடந்த மரங்களை ஜேசிபி வந்து அகற்றிவிட்டது. ஆம்புலன்ஸ் போக வழி வேண்டும், சரி. ஆனால் அறுத்த துண்டுகளில் ஏழெட்டை என் வேலிக்குள்ளேயே தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓட்டுநரைக் கேட்டேன். "ரோட்டைச் சுத்தம் பண்ணத்தான் அண்ணே ஆர்டர்" என்றார். அந்தப் பையனும் மூன்று நாளாகத் தூங்கவில்லை, கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. கரண்ட் இன்னும் வரவில்லை.

நவம்பர் 28

விழுந்த தென்னைக்கு 1,100 ரூபாய் நிவாரணம். அதில் 600 மரத்துக்கு, 500 வெட்டி அகற்ற. என் 112 மரத்துக்கு அகற்றும் செலவாக 56,000 வரும்.

இன்று விசாரித்தேன். அறுவை மிஷின்காரர் மரத்துக்கு 300 கேட்கிறார். தூரைப் பிடுங்கப் பொக்லைன் மணிக்கு 1,200. அப்புறம் டிராக்டர், ஏற்றுக்கூலி. சூளைக்காரரோ, ஊரெல்லாம் மரம் கிடக்கிறது, கொண்டுவந்து போட்டால் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். ஐந்நூறில் இது எப்படி முடியும்?

காசைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவதற்குப் பதில் அரசே மிஷின்களோடு தோப்பு தோப்பாக இறங்கியிருக்க வேண்டும். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஆள் தேடினால் கூலி ஏறத்தானே செய்யும்.

டிசம்பர் 11

கணக்கெடுக்க வந்தார்கள். சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகல் எல்லாம் கொடுத்தேன். ஒன்பது மரம் நிற்கிறது, ஆனால் குருத்து முறுக்கித் தொங்குகிறது. அவை பிழைக்காது என்று யாருக்கும் தெரியும். "நிற்கிற மரத்தை எழுத முடியாதுங்க" என்றார் வந்தவர்.

மரத்தையாவது அரசு எடுத்துத் தரக்கூடாதா என்று கேட்டேன். "பட்டா நிலத்துக்குள்ள நாங்க எப்படிங்க இறங்கறது?" என்றார். சொந்தக்காரன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுச் சம்மதம் கொடுத்தால் இறங்கலாமே! நான் அங்கேயே போடத் தயாராக நின்றேன்.

பக்கத்துத் தோப்பின் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. பேரன் சிங்கப்பூரில். அந்தத் தோப்பை யாரும் எழுதவே இல்லை.

ஜனவரி 24, 2019

பணம் வந்துவிட்டது. 80 மரத்தை அறுத்து ஏற்றியதோடு அகற்றும் காசு தீர்ந்தது. மிச்சத்துக்கு மரத்துக்கான 600-லிருந்து எடுத்தேன். கன்று வாங்க வைத்திருந்த பணம் அது.

மே 19

காலையில் புதுக்கன்றுகளைப் பார்க்கப் போனேன். மூன்றில் குருத்து மட்டை விசிறி மாதிரி வெட்டுப்பட்டிருந்தது. காண்டாமிருக வண்டுதான், சந்தேகமே இல்லை. மக்கும் மரத்தில் முட்டையிட்டுப் பெருகும் வண்டு அது.

வேலியைத் தாண்டிப் பக்கத்துத் தோப்புக்குப் போய், கடப்பாரையால் ஒரு மரத்தைக் குத்தினேன். உளுத்த நாரெல்லாம் ஈர மண் மாதிரி உதிர்ந்தது. உள்ளே கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள், பழுப்புத் தலையோடு வளைந்து சுருண்டு கிடந்தன. அந்த ஒரு முழத்தில் மட்டும் பதினான்கு பொறுக்கினேன். அந்தத் தோப்பில் இப்படி நூறு மரமாவது மக்கிக்கொண்டிருக்கிறது. வண்டுக்குப் பட்டா தெரியுமா, வேலி தெரியுமா? விழுந்த மரம் அவரவர் பாடு என்று விட்டதால்தான் இன்று என் கன்றும் போகிறது, எனக்கு அடுத்தவர் கன்றும் போகும்.

வேளாண்மை அலுவலகத்தில் மெட்டாரைசியம் பூஞ்சையைத் தண்ணீரில் கலந்து புழு இருக்கும் இடத்தில் ஊற்றச் சொன்னார்கள். நல்ல மருந்துதான். ஆனால் நூறு மரத்துக்கும் எங்கே போவது?

இரவு சிங்கப்பூருக்குப் பேசினேன். "மாமா, நீங்களே அறுத்து எடுத்துடுங்க, காசு அனுப்புறேன்" என்றான். அதையே வாட்ஸாப்பில் எழுதி அனுப்பச் சொன்னேன், அனுப்பிவிட்டான். மிஷின்காரர் நாளை ஆறு மணிக்கு வருகிறார்.