சாளைக் கூட்டத்தைப் பார்க்க ஒரு பயண ஏற்பாடு

வருகிற ஏப்ரலில் பிலிப்பைன்ஸின் செபு தீவில் உள்ள மோல்போல் என்ற ஊருக்குச் சென்று, அங்கே கரையை ஒட்டியே ஆண்டு முழுவதும் திரண்டு நிற்கும் சாளை மீன் கூட்டத்தை ஸ்நார்கெல் என்ற மூச்சுக்குழாய் அணிந்து நீரின் மேல் மிதந்தபடி பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். இந்த முடிவுக்கு வர எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே ஆசையோடு வேறொரு கடற்கரைக்குப் போனபோது, எனக்கு விடுப்புக் கிடைத்த நாட்களை வைத்துப் பயணத்தை அமைத்தேனே தவிர, அந்த நாட்களில் கடல் எப்படி இருக்கும் என்று விசாரிக்கவே இல்லை. முந்தைய இரண்டு நாட்களும் பெய்த மழையில் ஆற்று நீர் கலந்து கடல் செம்மண் நிறத்தில் கலங்கிக் கிடந்தது. நீட்டிய கையின் விரல்கள்கூடத் தெரியவில்லை. கூட்டம் எனக்குக் கீழேயே இருந்திருக்கலாம். அந்த ஏமாற்றம் இன்னும் மனதில் இருப்பதால், இந்த முறை மீன்கள் எதற்காகக் கூடுகின்றன, எங்கே கூடுகின்றன, எப்போது அவற்றைத் தெளிவாகக் காண முடியும் என்ற கேள்விகளிலிருந்து தொடங்கினேன்.

மீன்கள் கூடுவதற்கு முதற்காரணம் அச்சம். தனியே திரியும் மீனைவிட ஆயிரத்தில் ஒன்றாக இருக்கும் மீன் பிடிபடும் வாய்ப்புக் குறைவு. ஒவ்வொரு விலங்கும் தனக்கும் எதிரிக்கும் நடுவே இன்னொன்றை நிறுத்திக்கொள்ள முயல்வதாலேயே கூட்டம் இறுகுகிறது என்று உயிரியலாளர் ஹாமில்டன் 1971-இல் கணித முறையில் விளக்கினார். துரத்தி வரும் பாரை மீனுக்கோ ஒரே மாதிரி மின்னும் நூற்றுக்கணக்கான உடல்களில் எதைக் குறிவைப்பது என்ற குழப்பம் ஏற்படுகிறது. அந்த மின்னலுக்குக் காரணம், மீனின் தோலில் அடுக்கடுக்காக இருக்கும் குவானின் என்ற பொருளின் நுண்ணிய படிகங்கள் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அனுப்புவதுதான். கூட்டம் திரும்பும்போது வெள்ளித் தகடு ஒன்று புரள்வதுபோல் தோன்றுவது இதனால்தான்.

எனக்கு இவற்றையெல்லாம்விட வியப்பளித்தது வேறொரு செய்தி. பெரும்பாலான மீன்களின் இரு விலாக்களிலும் செவுளிலிருந்து வால்வரை ஓடும் பக்கக்கோடு என்ற உறுப்பு, சுற்றியுள்ள நீரின் மிகச் சிறிய அசைவையும் உணர்கிறது. 1976-இல் வெளியான ஓர் ஆய்வில், கண்கள் மறைக்கப்பட்ட சேய்த் என்ற மீன்கள் மற்ற மீன்களோடு இடைவெளி தவறாமல் கூட்டமாக நீந்தின. பக்கக்கோட்டின் நரம்பையும் துண்டித்த பிறகே அவற்றால் கூட்டத்தில் சேர முடியாமல் போயிற்று. இதைப் படித்ததும் நான் முதலில் நினைத்தது என் கால்களைத்தான். நான் மீனை நெருங்கினாலே, என் துடுப்புக் காலணிகள் நீரைத் தள்ளும் அதிர்வை அது உணர்ந்துவிடக்கூடும். ஆகவே வேகமாக நீந்திக் கூட்டத்தை எட்டுவது என்ற எண்ணத்தையே கைவிட்டேன். கூட்டம் தானாக வந்து சேரும் இடத்தில், அசைவைக் குறைத்துக்கொண்டு காத்திருப்பதற்கு ஏற்ற கடலே எனக்குத் தேவை என்று புரிந்தது.

இடங்களைத் தேடியபோது, தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் மே முதல் ஜூலை வரையிலான குளிர்காலத்தில் சாளைகள் வடக்கு நோக்கி வலசை போகும் நிகழ்வே முதலில் கண்ணில் பட்டது. உலகின் மிகப் பெரிய மீன் பெயர்ச்சிகளில் ஒன்று அது. ஆனால் அது திறந்த கடலில், குளிர்ந்த நீரில், சுறாக்களும் டால்பின்களும் வேட்டையாடும் நடுவே படகிலிருந்து இறங்கிப் பார்க்க வேண்டியது. கூட்டம் இன்று எங்கே இருக்கும் என்பதும் உறுதியில்லை. என் அனுபவத்துக்கு அது ஏற்றதன்று. மெக்சிகோவின் கபோ புல்மோவை விட மனம் வரவில்லை. 1995-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தப் பவளத்திட்டில், உள்ளூர் மீனவக் குடும்பங்களே முன்னின்று மீன்பிடிப்பை நிறுத்தியதால், 1999-க்கும் 2009-க்கும் இடையில் மீன்களின் மொத்த எடை 463 விழுக்காடு உயர்ந்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அங்குள்ள பெருங்கண் பாரைகளின் கூட்டம் சுழல் காற்றைப்போல் எழுந்து நிற்கும் படங்களை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. இருந்தாலும், அந்தக் கூட்டத்தின் முழு அழகு ஆழத்தில் மூழ்கிப் பார்ப்பவர்களுக்கே பெரும்பாலும் கிடைக்கிறது.

மோல்போல் இந்த இடத்தில்தான் மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது. செபு நகரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில், தீவின் தென்மேற்குக் கரையில் உள்ள இந்த ஊரின் பனக்சமா கடற்கரையில் இறங்கினால், ஆழமற்ற பவளத்தரை சிறிது தூரம் சென்று, பிறகு சுவர்போல் நேர்செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. அந்தச் சுவரின் ஓரத்தில்தான் சாளைகள் நிற்கின்றன. முன்பு அருகிலுள்ள பெஸ்காடோர் தீவை ஒட்டி இருந்த கூட்டம் பின்னர் இங்கே இடம் மாறியது. இந்தக் கரையை ஒட்டி, செபுவுக்கும் நெக்ரோஸ் தீவுக்கும் இடையிலுள்ள டானோன் நீரிணை 1998 முதல் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி. மிதப்பவர் மேலிருந்து குனிந்து பார்த்தாலே கூட்டம் தெரியும் என்பதால், எனக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்கவில்லை.

அடுத்து நாள் குறிக்க வேண்டியிருந்தது. சாளைகள் எந்த மாதமும் இருக்கும் என்றாலும் கடல் எல்லா மாதமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் அக்டோபர் வரை இந்த மேற்குக் கரையை நோக்கி வீசக்கூடும்; புயல்களோ ஆண்டின் இறுதிவரை நீள்கின்றன. 2021 டிசம்பர் நடுவில் வந்த ராய் புயல் செபுவைக் கடுமையாகத் தாக்கியது. மழை குறைந்த மார்ச், ஏப்ரல், மே மாதங்களே எனக்குப் பாதுகாப்பாகத் தோன்றின. அந்த மாதங்களுக்குள்ளும் அரைநிலா நாட்களை ஒட்டிய வாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஓதத்தின் ஏற்ற இறக்கம் அதிகமாவதால் நீரிணையின் நீரோட்டம் வலுக்கும், அரைநிலாவில் அது தணிந்திருக்கும். மழை, காற்று, நீரோட்டம் என்ற மூன்றுக்கும் பிறகும் கடல் கைவிடக்கூடும் என்பதால் ஒரு நாளுக்குப் பதில் நான்கு நாட்கள் ஒதுக்கியிருக்கிறேன். இந்த வகைப் பயணத்தில் கூடுதல் நாட்களைப்போல் பயன்படும் செலவு வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

நேரத்தைப் பற்றியும் யோசித்தேன். மேற்கு நோக்கிய கரை என்பதால் சூரியன் தீவின் மலைகளுக்குப் பின்னாலிருந்து எழுகிறது. அதிகாலையில் ஒளி சாய்ந்து விழுவதால் கணிசமான பகுதி நீரின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணிவரை வெயில் செங்குத்தாக இறங்கத் தொடங்கியிருக்கும், காற்றும் பெரும்பாலும் எழுந்திருக்காது. அந்த இரண்டு மணி நேரம்தான் என் குறி.

கருவிகளில் நான் அதிகக் கவலைப்பட்டது முகக்கண்ணாடிக்காக. வாடகைக் கண்ணாடியில் நீர் கசிந்தால் பார்வை முழுவதும் அதைத் துடைப்பதிலேயே போய்விடும். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுக்கும்போது கண்ணாடி விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். ஐந்து வகைகளை இப்படிச் சோதித்த பிறகு ஒன்று பொருந்தியது. முகம் முழுவதையும் மூடும் வகையை வேண்டாம் என்று விட்டேன், ஏனெனில் இடையிடையே மூச்சைப் பிடித்துச் சற்றே மூழ்கிப் பார்க்கவும் எண்ணியிருக்கிறேன்; அப்போது காது அழுத்தத்தைச் சரிசெய்ய மூக்கைப் பிடிப்பது பெரும்பாலான அத்தகைய கண்ணாடிகளில் முடியாது. சூரியக் களிம்பைப் பொறுத்தவரை, ஆக்ஸிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்தவற்றைப் பசிபிக் தீவு நாடான பலாவு 2020-லும் ஹவாய் 2021-லும் பவளங்களைக் காக்க விலக்கியிருக்கின்றன. நானோ முழுக்கைச் சட்டை அணிந்து களிம்பின் தேவையையே குறைத்துக்கொள்கிறேன். காற்றைவிட நீர் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை எடுத்துச் செல்வதால், அசையாமல் நெடுநேரம் மிதப்பவருக்கு அந்தச் சட்டை குளிரையும் ஓரளவு தாங்கும்.

இப்போது வாரத்தில் மூன்று நாட்கள் நீச்சல் குளத்தில் பயிற்சி செய்கிறேன். குழாயில் தங்கும் பழைய காற்றை மீண்டும் இழுக்காமலிருக்க, மெதுவாகவும் முழுமையாகவும் மூச்சை வெளியேற்றப் பழகுவதே முதல் பாடம். மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்குவதை மட்டும் யாரும் செய்துவிடக் கூடாது. அது இரத்தத்தின் கரியமில வாயுவைக் குறைத்து, மூச்சு முட்டும் உணர்வு எழும் முன்பே மயக்கத்தைக் கொண்டுவந்துவிடும். நல்ல நீச்சல்காரர்களும் இப்படி உயிரிழந்திருக்கிறார்கள். ஆகவே உடன் வரும் தோழியும் நானும் ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலே மிதந்து கண்காணிப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.

முதல் நாள் மூழ்குவதாகவே இல்லை. நீரோட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கரையிலிருந்து பார்த்துவிட்டு, அதை எதிர்த்துச் சற்று நீந்தி, திரும்பும்போது அதுவே எங்களைக் கொண்டுவரும்படி செய்வோம். பவளத்தரை முடிந்து நீர் கருநீலமாகும் அந்த விளிம்பில் கைகளைக் கட்டிக்கொண்டு, கால்களை அசைக்காமல் மிதப்போம். முகக்கண்ணாடி வழியே எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு, கூட்டத்தின் நுனி எங்களிடமிருந்து எத்தனை கை தூரத்தில் திரும்புகிறது என்று எண்ண வேண்டும். அந்தத் தூரம் இரண்டாம் நாள் குறைகிறதா என்று பார்க்க எனக்கு மிகுந்த ஆவல்.