கரண்ட் வைப்பதற்கு முந்தின இரவு

"தலையில கரண்ட் வைக்கப் போறீங்களா டாக்டர்?" என்று குடும்பத்தார் கேட்கும்போது அவர்கள் மனதில் ஓடுவது சினிமாக் காட்சி: கட்டிப்போட்ட கை கால், அலறல். இ.சி.டி. எனப்படும் மின்வலிப்புச் சிகிச்சை அறையில் வேலை பார்ப்பவர்கள் முதலில் சொல்ல வேண்டியது, குணம் தருவது கரண்ட் அல்ல, அது மூளையில் எழுப்பும் வலிப்பு என்பதைத்தான். கரண்ட் பாய்வது சில வினாடிகளே. 1938இல் ரோமில் செர்லெட்டி, பினி என்ற மருத்துவர்கள் இதைத் தொடங்கியபோது மயக்க மருந்து கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் தசைகள் முறுக்கி எலும்பு முறிந்தவர்கள் உண்டு. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் செய்யவே கூடாது என்கிறது நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம்.

சாப்பாடும் தண்ணீரும் மறுத்துச் சிலைபோல் உறைந்துவிட்டவர், சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு நிமிடமும் விடாதவர் ஆகியோருக்குத்தான் இது பெரும்பாலும் வருகிறது. மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். அவ்வளவு நாள் அவர்களிடம் இல்லை.

பாதி வேலை முந்தின இரவிலேயே வீட்டார் கையில் இருக்கிறது. தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் விட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்முனை தோலில் சரியாகப் பதியாது, மின்தடை ஏறும். ஹேர்பின், கட்டுப் பல், நகப்பூச்சு எல்லாம் கழற்றியோ துடைத்தோ ஆக வேண்டும். ஆடும் பல் இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும், வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன். "பாவம், வெறும் வயிறு" என்று விடியற்காலையில் பாசத்தோடு கொடுக்கிற அரை டம்ளர் காபி, மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகக்கூடும். பி.பி. மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு போடலாம். சர்க்கரை நோய்க்கான இன்சுலினை டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. தூக்க மாத்திரையும் வலிப்பு மாத்திரையும் வலிப்பு வருவதையே தடுப்பவை. அவற்றை நிறுத்துவதா குறைப்பதா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, நம் ஊரில் மறக்கவே கூடாதது. நோயாளி சமீபத்தில் பூச்சிமருந்து குடித்திருந்தால், தசை தளர்த்தும் சக்சினைல்கோலினைச் சிதைக்கும் நொதி வாரக்கணக்கில் குறைந்தே இருக்கும். சில நிமிடங்களில் திரும்ப வேண்டிய மூச்சு மணிக்கணக்கில் திரும்பாமல் போகலாம். மானம் கருதி வீட்டார் மறைப்பது இதைத்தான்.

அறைக்குள் நடப்பது சுருக்கம். 50 கிலோ எடை என்றால் மயக்க மருந்தான தயோபென்டோன் 150 மில்லிகிராம் அளவில் போகும். தூங்கியதும் ஒரு கணுக்காலில் கட்டிய பி.பி. பட்டையைக் காற்றடித்து இறுக்கிய பிறகே சக்சினைல்கோலின், 25 முதல் 50 மில்லிகிராம். இந்த வரிசை மாறினால் அந்தப் பாதத்துக்கும் மருந்து போய்விடும், வலிப்பைக் கண்ணால் பார்க்க வழியிருக்காது. முகத்தில் தொடங்கும் தசைத் துடிப்பு கெண்டைக்காலில் அடங்கியதும், பற்களுக்கிடையே ரப்பர் தடுப்பை வைத்துக் கரண்ட் கொடுப்பார்கள். பாதம் மட்டும் அரை நிமிடம்போல் துடிக்கும். வலிப்பே வராவிட்டால் அளவை ஏற்றி மறுபடி கொடுப்பார்கள். 2 நிமிடத்தைத் தாண்டியும் நிற்காவிட்டால் மருந்து கொடுத்து நிறுத்துவார்கள். தானாக மூச்சு வரும்வரை, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையால் ஆக்சிஜன் ஓடும்.

விழித்ததும் அரை மணி நேரம் இடம் தெரியாமல் குழம்புவார்கள். அப்போது கேள்விகளால் துளைக்க வேண்டாம். "ஆஸ்பத்திரியில இருக்கம்மா, நான் பக்கத்திலதான் இருக்கேன்" என்பது போதும். தலைவலிக்கும் உடம்பு வலிக்கும் பாரசெட்டமால் கேட்கும்.

மறதியைப் பற்றி மழுப்பக் கூடாது. சிகிச்சை நடக்கும் வாரங்களும் அதற்குச் சற்று முந்தைய நாட்களும் கலைந்துபோகும். புதிதாக எதையும் நினைவில் வைக்கும் திறன் சில வாரங்களில் திரும்பும். ஆனால் போன நினைவுகளில் சில திரும்பாமலே போகலாம், சிலருக்குச் சற்று அதிகமாகவே. கையெழுத்து வாங்கும் முன் சொல்ல வேண்டியது இது. சாவி வைத்த இடம், ஏ.டி.எம். எண், கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் நோயாளியிடம் கேட்டு முதல் நாளே ஒரு நோட்டில் எழுதிவைப்பது நல்லது.

வாரம் இரண்டு அல்லது மூன்று என்று மொத்தம் 6 முதல் 12 முறை. முதலில் திரும்புவது பெரும்பாலும் பசியும் தூக்கமும். "நல்லாயிட்டாங்க" என்று அப்போது மாத்திரையையும் நிறுத்திவிட்டால், ஆறு மாதத்துக்குள் பாதிப் பேருக்கு மேல் நோய் திரும்பிவிடும். கடைசி முறை முடிந்து வீட்டுக்குப் போகும் நாளில் மாத்திரைச் சீட்டை நோயாளியிடமும் துணைக்கு இருப்பவரிடமும் வரிவரியாகப் படித்துக் காட்டுவது அதனால்தான்.