கொட்டேசனில் ஏறாத பாதுகாப்புச் செலவு

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டுக்கு ஏசி பொருத்துவதற்காகக் கொடுக்கப்படும் கொட்டேசனை எடுத்துப் பார்த்தால், செப்புக் குழாய் எத்தனை அடி, வெளி அலகைத் தாங்கும் இரும்புச் சட்டம் என்ன விலை, தண்ணீர் வடியும் பைப்புக்கு எவ்வளவு, சுவரில் துளையிடக் கூலி என்ன என்பதெல்லாம் வரிவரியாக இருக்கும். அந்த வெளி அலகை ஐந்தாம் மாடியின் வெளிச்சுவரில் நிறுத்தி முடுக்கப் போகிறவர் கீழே விழாமல் இருப்பதற்கான செலவு மட்டும் எந்த வரியிலும் இராது. ஏசி, பைப் வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு சிறிய ஒப்பந்த நிறுவனத்தில் கொட்டேசன் எழுதுவதும் வேலைத்தலங்களைப் பார்த்து வருவதும் என் பொறுப்பு. எங்கள் துறையில் பாதுகாப்பு என்றால் எல்லோரும் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் பாதுகாப்பு விலையில் எழுதப்படாத வரை வேலைத்தலத்துக்கு வந்து சேராது என்றே நான் நினைக்கிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பெயரில்தான் தொழிற்சாலையைச் சொல்கிறதே தவிர, கட்டட நிர்மாண வேலைகளையும் தன்னுள் அடக்குகிறது. விபத்தில் ஒருவர் இறந்தாலோ, மூன்று நாட்களுக்கு மேல் முழுச் சம்பளத்துக்கு உழைக்க இயலாமல் போனாலோ, தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும். 1934ஆம் ஆண்டிலிருந்து வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2022இல் செய்யப்பட்ட திருத்தம் நட்டஈட்டின் உச்ச வரம்பை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. இவற்றின் தாக்கத்தைப் பெரிய கட்டுமானத் தளங்களில் கண்ணாலேயே காணலாம்: பாதுகாப்பு அலுவலர் வாசலில் நிற்பார், தலைக்கவசமும் சப்பாத்தும் இல்லாதவர் உள்ளே போக முடியாது. ஆனால் அதே பாஸும் (தொழில் தெரிந்த வேலையாளர்) அதே கையாளும் மறுநாள் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக் கூரையில் ரப்பர் செருப்போடு ஏறுவார்கள். அங்கே வாசலில் நிற்பவர் வீட்டுக்காரர் மட்டும்தான். அவருடைய கவலையோ சுவரில் அழுக்குப் படக்கூடாது என்பது.

கொழும்பில் இந்தத் தொழிலின் முதல் ஆபத்து உயரம்தான். பழைய வீடுகளில் தண்ணீர்த் தாங்கியைப் பார்க்கவோ, கூரை வழியாகப் பைப் கொண்டுபோகவோ அஸ்பெஸ்டஸ் தகட்டின் மேல் நடக்க வேண்டியிருக்கும். வெயிலிலும் மழையிலும் பல ஆண்டுகள் கிடந்த தகடு முன்னறிவிப்பு எதுவும் தராமல் உடையும். ஆணி வரிசையில் கால் வைத்தால் போதும் என்பது பாஸ்மாரிடையே தலைமுறையாக வரும் நம்பிக்கை. கீழே மரச்சட்டம் இருப்பதால் அது ஓரளவு சரிதான், கால் வழுக்காத வரை. இரண்டு சட்டங்களுக்கு மேலாகக் கிடக்கும் அகலமான பலகையும், அதை நகர்த்தி வைக்க இரண்டாவது ஆளும் இருந்தால் இந்த ஆபத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். தகட்டை வெட்டும்போது எழும் தூசு நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்தே நோயாக வெளிப்படும் என்பதால், தண்ணீர் தெளித்துக் கைவாளால் அறுக்கும்படி சொல்கிறேன். கிரைண்டர் வைத்து வெட்டுவதற்கு நான் இடம் கொடுப்பதில்லை.

தொடர்மாடிகளில், உடலில் அணிந்து கயிற்றால் கொழுவிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டியைப் பற்றி ஒரு தவறான நிம்மதி நிலவுகிறது. பட்டி அணிந்தவர் அதன் கயிற்றை யன்னல் கம்பியிலோ, தான் அப்போதுதான் பொருத்திய தாங்கியிலோ கொழுவிவிட்டால், விழும்போது அந்தக் கம்பியும் கூடவே வரும். அதிர்ச்சியைத் தாங்கும் பொதியுடன் கூடிய ஏறத்தாழ 1.8 மீற்றர்க் கயிறு ஒருவரைப் பிடித்து நிறுத்துவதற்குள், கயிற்றின் நீளம், விரியும் பொதி, ஆளின் உயரம் எல்லாம் சேர்ந்து ஐந்தாறு மீற்றர் வெளி தேவைப்படும். இரண்டாம் மாடியில் அதற்குள் தரை வந்துவிடும். ஆகவே அங்கே ஆள் விளிம்பைத் தாண்டவே முடியாதபடி கயிற்றைக் குறுக்கிக் கட்டுவதுதான் பயன் தரும். தொங்கி நிற்பவரைச் சில நிமிடங்களுக்குள் மேலே எடுக்கவும் வேண்டும், ஏனெனில் பட்டியில் அசையாமல் தொங்குவதே உயிருக்கு ஆபத்து. தனி ஆளாக அனுப்பப்படுபவரை யார் எடுப்பது?

அடுத்தது வாயு. குளிரூட்டும் வாயுவான பழைய ஆர்-22 போய், இப்போது வரும் வீட்டு ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32 தான் இருக்கிறது. ஓசோனுக்குக் கேடில்லாத அந்த வாயு மெதுவாக எரியக்கூடியது, அழுத்தமும் கூடியது. கொழும்பின் 30 பாகை வெப்பத்தில் ஆர்-22 சிலிண்டருக்குள் சுமார் 11 பார் அழுத்தம் இருக்குமென்றால், ஆர்-32 சிலிண்டருக்குள் சுமார் 18 பார் இருக்கும். வெயிலில் நிறுத்திய ஓட்டோவின் பின்னால் அது 50 பாகையைத் தொட்டால் 30 பாரை எட்டும். வாயு அழுத்தம் அளக்கும் பழைய மனிஃபோல்ட் கேஜும் பழைய ஹோஸும் இந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கசிவு பார்ப்பதற்கு நைதரசனை ரெகுலேட்டர் வைத்துத்தான் ஏற்ற வேண்டும், ஏனெனில் நிரம்பிய சிலிண்டரில் 150 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். நைதரசன் முடிந்துவிட்டதென்று வெல்டிங்குக்கு வைத்திருக்கும் ஒட்சிசனை ஏற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கம்ப்ரசர் எண்ணெயும் அழுத்தமான ஒட்சிசனும் சந்தித்தால் அது வெடிகுண்டு. இந்த ஒரு விடயத்தில் நான் யாருடனும் விவாதிப்பதில்லை, அப்படிச் செய்தவருக்கு அடுத்த வேலை கிடையாது.

மின்சாரத்தைப் பற்றிப் பலரும் அறிவார்கள் என்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். இன்வேர்ட்டர் ஏசியின் வெளி அலகில் மின்னை நிறுத்திய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் சில நிமிடங்கள் தேங்கி நிற்கும். மீற்றரால் அளந்து பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

பைப் வேலையில் மரணம் ஒளிந்திருப்பது குழிகளில். கழிவுக்குழியிலோ, பல நாள் மூடிக்கிடந்த நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியிலோ ஒட்சிசன் குறைந்திருக்கலாம், வெளிக்காற்றில் 20.9 வீதமாக உள்ள அது 19.5 வீதத்துக்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. கழிவுக்குழியின் ஐதரசன் சல்பைட்டுக்கு அழுகிய முட்டை நாற்றம் உண்டு, ஆனால் அளவு கூடியதும் மூக்கின் உணர்வை அதுவே மரத்துப்போகச் செய்துவிடும். “நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்” என்பது இத்தொழிலில் சொல்லப்படும் மிக ஆபத்தான வாக்கியம். சுத்தமான தொட்டிக்குள்கூடப் பிவிசி பைப் ஒட்டும் பசையின் ஆவி தங்கித் தலைசுற்றலை உண்டாக்கும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் மேலே நிற்பவர் யோசிக்காமல் குதிப்பது மனித இயல்பு, அதனால்தான் இப்படிப்பட்ட விபத்துகளில் சடலங்கள் இரண்டு மூன்றாக வெளியே வருகின்றன. வாயு அளக்கும் கருவி, காற்றடிக்கும் விசிறி, இறங்குபவரின் உடலில் கட்டிய கயிறு, மேலிருந்து இழுக்கக் குழிவாயில் நிறுத்தும் மூன்றுகால் தாங்கி ஆகியவை இருந்தால் மேலே நிற்பவர் இறங்காமலே இழுத்துவிடலாம். சிறிய நிறுவனங்கள் இவற்றை வாங்க வேண்டியதில்லை, வாடகைக்கு எடுத்து அந்த வாடகையைக் கொட்டேசனில் எழுதலாம்.

பெரிய தளங்களில் வேலை தொடங்குமுன் கையெழுத்து வாங்கும் அனுமதிப் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. மலையகத்திலிருந்து வந்த கையாளும் குருணாகலிலிருந்து வந்த பாஸும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே ஒப்பமிடுகிறார்கள். நாங்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பக்கத்தில் அடித்த தாளைப் பயன்படுத்துகிறோம். அதன் மேல் மூலையில் சுவசெரிய அம்புலன்சின் 1990உம் தீயணைப்புப் பிரிவின் 110உம் பெரிய எழுத்தில் இருக்கும்.

விலைக்கு வருகிறேன். எங்கள் கொட்டேசனில் இப்போது உயர வேலைக்கான சாரம் அல்லது பட்டி, இரண்டாவது ஆள், குழி வேலைக்கான கருவி வாடகை, விபத்துக் காப்புறுதி ஆகியவை தனி வரிகளாக உள்ளன. மொத்தத்தில் மறைத்து வைத்தால் பேரம் பேசும்போது முதலில் கரைவது அதுதான் என்பதாலேயே இந்த ஏற்பாடு. பழைய சோனகத் தெருவில் சாமான் விலை விசாரித்துவிட்டு வருகிற வாடிக்கையாளர் செப்புக் குழாயின் விலையை மறுப்பதில்லை, இந்த வரிகளைத்தான் வெட்டச் சொல்கிறார். வேறொருவர் இவையில்லாமல் குறைவாகச் செய்வதாகவும் சொல்வார், அது உண்மையாகவும் இருக்கும். அப்போது நான் விலையைக் குறைப்பதற்குப் பதிலாக வேலையை மாற்றிப் பார்க்கிறேன்: வெளி அலகைச் சுவருக்கு வெளியே தொங்கவிடாமல் பல்கனிக்குள் வைக்க முடியுமா, தண்ணீர்த் தாங்கியைக் கூரையிலிருந்து ஏணியெட்டும் தளத்துக்கு இறக்க முடியுமா என்று. பல வீடுகளில் முடிகிறது, செப்புக் குழாய் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். முடியாத வீடுகளில் அந்த வரி அப்படியே இருக்கும், வாடிக்கையாளர் வேறு ஆளைத் தேடிப் போனாலும்.