கனகம்மாளுக்குக் கே-வா, ஜி-யா?

வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருபத்திரண்டு வருடமாக ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். வாடகை ஒப்பந்தம், பட்டா மனு, தொலைந்த பான் கார்டுக்கு விண்ணப்பம் என்று வருகிற வேலையில் பாதிக்கு வாசகம் கேட்கவே வேண்டாம், கை தானாக அடிக்கும். பட்டாளத்துப் பென்ஷன்காரர் மனு வந்தால் மட்டும் முதலில் உட்கார்ந்து பேச வேண்டும்.

2024 பொங்கல் முடிந்த வாரம் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் மிக்ஜாம் புயல் வந்துபோனது. எங்கள் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் ஏறாத தெரு குறைவு. இவர்கள் வீட்டிலும் இடுப்பளவு. பரணில் இருந்த தகரப்பெட்டி மட்டும் தப்பித்தது, அதுவும் ஓரம் நனைந்து. பெட்டியிலிருந்த காகிதங்களைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தபோதுதான், பட்டாளத்திலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி நாற்பது வருடம் கழித்து, அவர் ஒவ்வொன்றையும் வரிவரியாகப் படித்திருக்கிறார்.

"பேர்ல ஒரு எழுத்து தப்பா இருக்கும்மா. என் பேர்ல இல்ல, இவ பேர்ல."

அவர் மனைவி பெயரைக் கனகம்மாள் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேறு, சிக்கல் இதேதான். டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் பென்ஷன் ஆர்டரிலும் அந்தப் பெயரின் நடுவில் ஆங்கில 'ஜி' இருந்தது. ஆதார், பான், பேங்க் பாஸ்புக் மூன்றிலும் 'கே'. பென்ஷன் ஆர்டரில் மனைவியின் பிறந்த தேதி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு.

எப்படி வந்தது இந்த ஜி? 1966-ல் பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தவர். 1974-ல் லீவில் வந்து கல்யாணம் பண்ணிக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறார். சிப்பாய்க்குக் கல்யாணம் ஆனாலும் பிள்ளை பிறந்தாலும் பார்ட் டூ ஆர்டர் என்கிற யூனிட் அறிவிப்பில் வந்தால்தான் அது அவருடைய ரெக்கார்டில் ஏறும். கம்பெனி கிளார்க் வடநாட்டுக்காரர். மனைவி பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார், இவர் வாயால் சொல்லியிருக்கிறார். நாம் 'க' என்று எழுதினாலும் அந்த இடத்தில் சொல்வது 'ga' ஒலிதானே, அவர் காதில் விழுந்தபடி ஜி போட்டார். பின்னாளில் ஊரில் ரேஷன் கார்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர் கண்ணில் பட்டது 'க'. அவர் கே போட்டார். ரெண்டு பேர் மேலும் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. தமிழில் அந்தப் பெயருக்கு எழுத்து ஒன்றே ஒன்று. ஆங்கிலத்துக்குப் போனதும் கம்ப்யூட்டருக்கு இரண்டு பெண்களாகிவிட்டார்.

"எங்கப்பா வெச்ச பேரு ஒண்ணுதான். இன்னாத்துக்கு இவ்ளோ அலைச்சல்?" என்றார் அந்த அம்மா. பெரியவர் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நான் இருக்குற வரைக்கும் ஒண்ணும் ஆவாதும்மா. எனக்கப்புறம்தான்."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் காசிமேட்டில் கருவாடு விற்கும் ஒரு அம்மாவுக்கு மனு அடித்துக் கொடுத்தேன். கணவர் மனைவியைக் கூப்பிடும் பெயரையே அந்தக் காலத்தில் கிளார்க்கிடம் சொல்லியிருக்கிறார், ராணி என்று. அட்டைகளில் எல்லாம் அவர் வேறு பெயர். கணவர் இறந்த பிறகு, அந்த ராணி இவர்தான் என்று சொல்ல வேண்டிய ஆளே போய்விட்டாரே. குடும்ப ஓய்வூதியம் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. சனிக்கிழமை தவறாமல் கூடையோடு கடை வாசலில் நின்று, "லெட்டர் எதுனா வந்துச்சாம்மா?" என்று கேட்பார். மனுவில் என் கடை விலாசத்தைத்தான் கொடுத்திருந்தோம். காதில் கிடந்த தோடு நடுவில் ஒரு சனிக்கிழமையிலிருந்து காணவில்லை. அது எங்கே என்று நான் கேட்கவில்லை.

பிறந்த தேதி விஷயம் இன்னும் பலருக்குத் தெரியாது. ஓய்வூதியரோ குடும்ப ஓய்வூதியம் வாங்குபவரோ எண்பது வயதைத் தொட்டால் 20 சதவீதம் கூடுதல் உண்டு. 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதானால் முழுசாக இன்னொரு மடங்கு. மனைவியின் பிறந்த தேதியே ரெக்கார்டில் இல்லையென்றால், எண்பது ஆகிவிட்டது என்பதைக் கம்ப்யூட்டர் எதை வைத்துத் தெரிந்துகொள்ளும்?

சரி, மனு எங்கே போக வேண்டும்? நிறையப் பேர் பேங்கில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். சர்வீஸ் ரெக்கார்டு அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸில் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக். அங்கே திருத்தி, அதன்பேரில் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகம் திருத்திய பென்ஷன் ஆர்டர் போடும். இப்போது அது ஸ்பர்ஷ் என்கிற பட்டாளத்து பென்ஷன் இணையதளத்தில் ஏறுகிறது.

முதல் மனுவில் தப்பு என்னுடையது. பழக்கத்தில் தலைப்பை 'சேஞ்ச் ஆஃப் நேம்' என்று அடித்துவிட்டேன். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தது: பெயர் மாற்றம் என்றால் எப்போது மாற்றினீர்கள், அதற்கு ஆதாரம் என்ன என்று. அந்த அம்மா பெயரை மாற்றவே இல்லையே! கேட்க வேண்டியது திருத்தம். ஒரு தப்பான வார்த்தையால் எழுபத்தாறு வயதுக்காரருக்கு மூன்று மாதம் போனது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அன்றிலிருந்து எந்தப் பட்டாளத்து மனுவையும் தலைப்பை ரெண்டு தடவை படிக்காமல் பிரிண்ட் கொடுப்பதில்லை.

இரண்டாவது முறை சரியாகச் செய்தோம். ஜி போட்ட பெயரும் கே போட்ட பெயரும் ஒரே ஆளுடையவை என்று மாஜிஸ்திரேட் முன்னால் உறுதிமொழிப் பத்திரம், ஒரு தமிழ் நாளிதழிலும் ஒரு ஆங்கில நாளிதழிலும் விளம்பரம், ஆதார், பான், சேர்ந்து எடுத்த போட்டோ. பிறந்த தேதிக்குத்தான் திணறினோம், ஆதாரில் ஆண்டு மட்டும்தான் இருந்தது. அம்மா வண்ணாரப்பேட்டையில் ஐந்தாவது வரை படித்தவர். அந்தப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டை ஒரு ஆசிரியை பொறுமையாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். 1953, ஆவணி மாதத்துத் தேதி ஒன்று. அதைக் கையில் வாங்கியபோது அந்த அம்மா, "எனக்குன்னு ஒரு பொறந்த நாளு இருக்குதா?" என்று கேட்டார். எழுபது வயதில் முதல் தடவையாகத் தெரிந்துகொண்டார்.

மனுவில் ஆர்மி நம்பர் அடிக்கும் நேரத்தில் பெரியவரைப் பார்க்க வேண்டும். சொந்த போன் நம்பருக்கு மனைவியைத்தான் கேட்பார். ஆர்மி நம்பர் என்றதும் நாற்காலியிலிருந்து எழுந்து, முதுகை நிமிர்த்தி, ஒவ்வொரு இலக்கமாக, கடைசியில் வரும் ஆங்கில எழுத்தோடு நிறுத்திச் சொல்வார். நான் அடித்து முடிக்கும்வரை உட்கார மாட்டார். 1971 போரில் இருந்தவர். அதைப் பற்றி அவராக ஒருநாளும் பேசியதில்லை, நானும் தோண்டவில்லை.

நவம்பரில் லைஃப் சர்டிஃபிகேட் போடும் நேரத்தில் திருத்திய ஆர்டர் வந்தது. பிரிண்ட் எடுத்து நீட்டினேன். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. "எந்த எழுத்தும்மா அது?" என்றார். விரலைப் பிடித்து அந்தக் கே மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

பெரியவர் மூன்று ஜெராக்ஸ் கேட்டார். லேமினேஷன் வேண்டாம், பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வையுங்கள் என்று சொன்னேன். ஒன்றை மகளுக்கு, ஒன்றைத் தனக்கு என்று பிரித்துவிட்டு மூன்றாவதை மனைவி கையில் கொடுத்தார். அப்புறம், "நம்பரைச் சொல்லு" என்றார்.

அந்த அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல ஆரம்பித்தார். தினமும் ராத்திரி சொல்லிக் கொடுத்திருப்பார் போல. கடைசி எழுத்தில் நின்றுவிட்டார். பெரியவர் எடுத்துக்கொடுக்கவில்லை, காத்திருந்தார். நானும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்து, அந்த எழுத்தையும் சொன்னார்.