கெய்கர் சத்தம் போடவில்லை என்றால் மேசை சுத்தமா?

டிரிட்டியத்தோடு (கதிரியக்கமுள்ள ஹைட்ரஜன் வகை) வேலை செய்த மேசையில், கதிர்வீச்சைக் கண்டால் சத்தம் போடும் கெய்கர் கருவியைக் காட்டிப் பயனில்லை. டிரிட்டியம் வெளிவிடும் பீட்டா துகளுக்கு (வேகமான எலக்ட்ரான்) அதிகபட்ச ஆற்றலே 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான். குழாயின் சன்னலைக்கூடத் தாண்டாது. துடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஈரப்படுத்திய வடிதாளால் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. இடத்தை ஒரே சீரான அழுத்தத்தில் துடையுங்கள். தாளைக் குப்பியில் போட்டு, சிண்டிலேஷன் திரவம் (கதிர்வீச்சு பட்டால் மினுக்கும் திரவம்) ஊற்றி, அந்த மினுக்கல்களை எண்ணும் கருவியில் வைத்து எண்ணுங்கள். துடைக்காத தாள் ஒன்றும் கூடவே போகட்டும், பின்னணி அளவுக்கு.

நிமிடத்துக்கு 260 எண்ணிக்கை, பின்னணி 20, எண்ணும் கருவியின் திறன் 40% என்றால் தாளில் இருப்பது 10 பெக்கரல் (நொடிக்கு 10 அணுச் சிதைவு). துடைப்பில் பத்தில் ஒரு பங்குதான் ஒட்டும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஆக, துடைத்த 100 சதுர செ.மீ.யில் 100 பெக்கரல், அதாவது சதுர செ.மீ.க்கு 1 பெக்கரல். இந்தப் பத்து மடங்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அதுதான் கவலை.

எண்ணிக்கை திடீரென எகிறினால் பதறாதீர்கள். மேசையில் பிளீச்சோ காரச் சோப்போ மிச்சமிருந்தால் திரவம் தானாகவே ஒளிரும். குப்பியை இருட்டில் சில மணி நேரம் வைத்து மறுபடி எண்ணுங்கள். மளமளவென்று இறங்கினால் அது வேதிவினையால் வந்த ஒளி, டிரிட்டியம் அல்ல. இறங்காவிட்டால் கையுறையை மாற்றிக்கொண்டு, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைக்க ஆரம்பியுங்கள்.