மின் அப்போஸ்டில் கையில் இருந்தும் பவர் பத்திரத்துக்காக அலைந்த கதை

ஒருவழியாகப் பவர் பத்திரம் ஏற்கப்பட்டுவிட்டது. வேறு நாட்டில் இருக்கும் அக்காவின் பெயருக்கு நான் எழுதிக் கொடுத்த பத்திரம் அது. கையெழுத்துப் போட்டது வீடியோ அழைப்பில், நோட்டரி சான்று வாங்கியது ஆன்லைனில், அப்போஸ்டில், அதாவது ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாட்டில் காட்டுவதற்காக அரசு தரும் சான்று, வந்ததும் பி.டி.எஃப். கோப்பாகத்தான். பாடாய்ப் படுத்தியது பெரும்பாலும் அதை வாங்கிக்கொள்ள வேண்டிய அலுவலகம். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இதே வேலையில் இறங்கப் போகிறவர்கள் நான் பட்ட பாட்டைப் படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நோட்டரி பகுதி நன்றாகவே போனது. பாஸ்போர்ட்டைக் கேமராவில் காட்டச் சொன்னார். அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா, யாருடைய வற்புறுத்தலாவது உண்டா என்று கேட்டார். வரைவில் என் பெயர் முன்னெழுத்தோடு இருந்தது, பாஸ்போர்ட்டில் முழுப்பெயர். அதைக் கவனித்து, கையெழுத்துக்கு முன்பே திருத்தச் சொன்னார். அந்த நிதானத்துக்கு அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். அப்படியே விட்டிருந்தால் அக்கா பக்கத்தில் மறுக்க இன்னொரு காரணம் கிடைத்திருக்கும்.

முதல் அடி அப்போஸ்டில் விண்ணப்பத்தில் விழுந்தது. எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று நோட்டரி சேவை நிறுவனத்தின் உதவி மையத்தைக் கேட்டேன். "நீங்கள் வசிக்கும் பகுதிக்கான அலுவலகத்தில்" என்று அடித்துச் சொன்னார்கள். விண்ணப்பம் திரும்பி வந்தது, கட்டிய கட்டணமும் போச்சு. அப்போஸ்டில் என்பது பத்திரத்தில் எழுதியிருப்பது உண்மை என்று சொல்லும் சான்று இல்லை. கையெழுத்து இன்னாருடையது, அவர் இன்ன பதவியில் இருக்கிறார், முத்திரை அசல், இந்த மூன்றைத்தான் அது உறுதி செய்கிறது. அப்படியானால் அந்த நோட்டரியின் கையொப்பத்தைச் சரிபார்க்க முடிந்த அலுவலகம்தானே அதைத் தர முடியும்? வீடியோவில் சான்றளிக்கும் நோட்டரி எங்கோ ஓர் இடத்தில் பதிவு பெற்றவராக இருப்பார். அவர் பதிவு எங்கே இருக்கிறதோ, அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே நோட்டரியிடம் கேட்கும் முதல் கேள்வியே "உங்கள் பதிவு எந்த அதிகார எல்லையில்?" என்பதாக இருக்கட்டும். சரியான இடத்தில் போட்டதும் கோப்பு வந்துவிட்டது.

அப்புறம் ஆரம்பித்தது அசல் தலைவலி. அக்கா கோப்பை அங்குள்ள பதிவு அலுவலகத்துக்கு அனுப்பினாள். "ஒரு பக்கம்தான் வந்திருக்கிறது, பத்திரம் எங்கே?" என்று பதில். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மின் அப்போஸ்டில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வருவதில்லை. சில இடங்களில் அப்போஸ்டில் பக்கமும் பத்திரமும் ஒரே கோப்பில் வரிசையாக வரும். எனக்கு வந்ததில் வெளியே தெரிவது அப்போஸ்டில் பக்கம் மட்டும், பத்திரம் அதற்குள் இணைப்பாக இருந்தது. அந்த அலுவலர் பிரௌசரில் திறந்து பார்த்திருக்கிறார். அதில் இணைப்பு தெரியவில்லை, டிஜிட்டல் கையொப்பமும் தெரியவில்லை.

இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள், அக்கா அமர்த்தியிருந்த ஏஜென்ட் தாமாகவே ஒரு காரியம் செய்தார். இரண்டையும் பிரிண்ட் எடுத்து, பின் அடித்து, ஸ்கேன் செய்து, ஒரே கோப்பாக அனுப்பிவிட்டார். மின்வடிவில் நோட்டரி செய்த பத்திரத்தின் உயிரே அந்தக் கோப்புக்குள் இருக்கும் கையொப்பத்தில்தான் இருக்கிறது. பிரிண்ட் எடுத்தால் மிஞ்சுவது படம். அதை ஸ்கேன் செய்தால் படத்தின் படம். "இதில் செல்லுபடியாகும் கையொப்பமே இல்லை" என்று அலுவலகம் திருப்பி அனுப்பியது. அந்த ஒரு தடவை மட்டும் அவர்கள் சொன்னது சரி.

பிரிண்ட் மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு கோப்புகளை ஒட்டுவது, அளவைக் குறைக்கச் சுருக்குவது, பக்கம் திருப்பிச் சேமிப்பது என எதைச் செய்தாலும் கையொப்பம் உடையும், அல்லது காணாமலே போகும். அளவு வரம்பு உள்ள இணையதளத்தில் ஏற்ற வேண்டி வந்தால் சுருக்காதீர்கள். மின்னஞ்சலில் அனுப்ப அனுமதி கேளுங்கள். மூலக் கோப்பை யாருடைய கைக்கும் போகாத ஒரு பிரதியாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடியும் மூலக் கோப்பையே அனுப்பினோம். முறையான பி.டி.எஃப். மென்பொருளில் திறக்கவும் வைத்தோம். இந்தத் தடவை கையொப்பத்தின் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், "செல்லுபடித்தன்மை தெரியவில்லை" என்ற அறிவிப்போடு. பச்சை டிக் இல்லை என்றதும் போலி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையில் அதன் பொருள், சான்றிதழ் வழங்கியவரின் பெயர் அந்த மென்பொருளின் நம்பிக்கைப் பட்டியலில் இல்லை என்பதுதான். கையொப்ப விவரத்தைத் திறந்தால் "கையொப்பம் இட்ட பின் ஆவணம் மாற்றப்படவில்லை" என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது. அதைப் படிக்கக்கூட அங்கே யாரும் தயாராக இல்லை.

எங்களைக் காப்பாற்றியது மின் பதிவேடு, அதாவது வழங்கிய அப்போஸ்டில்களை அரசு பதிந்து வைக்கும் இணையப் பட்டியல். 1961 அக்டோபர் 5 ஹேக் உடன்படிக்கைப்படி தரப்படும் அப்போஸ்டிலில் 10 எண்ணிட்ட வரிகள் இருக்கும். 6-ஆம் வரியில் தேதி, 8-ஆம் வரியில் எண். பதிவேட்டை இணையத்தில் வைத்திருக்கும் நாடுகளில் அந்த இரண்டையும் தட்டினால், அப்படி ஒன்று வழங்கப்பட்டதா என்று அரசு தளமே சொல்லிவிடும். சில தளங்களில் கூடுதலாக ஒரு குறியீடும் கேட்கும். அக்கா நேரில் போய், மேலதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். வந்தவரிடம், "உங்கள் கணினியிலேயே, உங்கள் கையாலேயே தட்டிப் பாருங்கள்" என்று கேட்டாள். அவர் எண்ணைத் தட்டினார், தேதியைத் தட்டினார். நோட்டரியின் பெயரும் பதவியும் திரையில் வந்தன. கோப்பில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். போனில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மின் அப்போஸ்டில் திட்டத்தை, அந்த உடன்படிக்கையைப் பார்த்துக்கொள்ளும் ஹேக் அமைப்பு தொடங்கியது 2006-இல். மின்வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதை மறுக்கக்கூடாது என்பதுதான் அந்த அமைப்பின் நிலைப்பாடு. இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் "மை முத்திரை எங்கே, ரிப்பன் எங்கே" என்று கேட்பவர்களிடம் இதை எழுத்தில் எடுத்துக் காட்டுங்கள். ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்போஸ்டிலை ஏற்பது வேறு, உள்ளே இருக்கும் பத்திரத்தை ஏற்பது வேறு. வீடியோவில் கையெழுத்திட்ட பவர் தன் சட்டப்படி செல்லுமா என்பதை அந்த நாடுதான் முடிவு செய்யும். குறிப்பாகச் சொத்து விவகாரம் என்றால், நோட்டரிக்குப் பணம் கட்டும் முன்பே அங்கிருந்து எழுத்துப்பூர்வமான பதிலை வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை வேண்டாம். அக்காவுக்குத் தொலைபேசியில் "சரி" என்று சொன்னவரை, பிறகு கவுண்டரில் காணவே முடியவில்லை.

போய்ச் சேரும் நாடு உடன்படிக்கையில் இருக்கிறதா என்பதையும் இன்றைய தேதியில் பாருங்கள். சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும்தான் உள்ளே வந்தன. அதற்கு முன் எழுதிய குறிப்புகள் தூதரகத்துக்குப் போகச் சொல்லும். ஐக்கிய அரபு அமீரகம், கத்தார் போன்றவை உறுப்பினர்கள் இல்லை. அங்கே அப்போஸ்டில் போதாது, தூதரகச் சான்றொப்பம் வரை போயாக வேண்டும்.

அடுத்து அதே பத்திரம் ஒரு வங்கிக்கும் போக வேண்டியிருந்தது. இந்தத் தடவை முதல் மின்னஞ்சலிலேயே எல்லாவற்றையும் எழுதிவிட்டோம். கோப்பை எதில் திறக்க வேண்டும், பத்திரம் எங்கே இணைப்பாக இருக்கிறது, மஞ்சள் முக்கோணம் ஏன் வரும், 6-ஆம் வரி, 8-ஆம் வரி, பதிவேட்டின் முகவரி எல்லாம். கேள்வி ஏதும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள்.