தங்கச்சியோட ஒரே வகுப்பில

பழைய மாணவர் சங்க மலருக்கு எங்கட பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதித் தா எண்டுதான் செயலாளர் அண்ணை கேட்டவர். ஆனா ஊரில எங்களுக்குப் படிப்பிச்ச சேர்மாரைப் பற்றி வடிவா எழுத கனபேர் இருக்கினம், நான் இங்க கலிபோர்னியாவுக்கு வந்து படிச்ச லோங் பீச் சிற்றி கொலிஜைப் பற்றியும் அதுக்குத் தலைவரா இருந்த எலோய் ஓர்ட்டிஸ் ஓக்லியைப் பற்றியும் எழுதுறன். அவர் எனக்கு ஒரு பாடமும் படிப்பிக்கேல்லை, ஒரு நாளும் நேர கதைச்சதுமில்லை.

2010ல வந்து முதல் சேர்ந்தது வேற ஒரு கம்யூனிட்டி கொலிஜில, அதாவது ரெண்டு வருசம் படிச்சுப்போட்டு யூனிவேர்சிற்றிக்கு மாறக்கூடிய அரசாங்கக் கொலிஜ். ஏ.எல். கணக்கு பாஸ் பண்ணிப்போட்டு வந்தனான், அங்க கொம்பியூட்டருக்கு முன்னால இருத்திப் பிளேஸ்மென்ட் ரெஸ்ற் எண்டு ஒண்டு வச்சிச்சினம், எந்த வகுப்பில தொடங்கிறது எண்டு தீர்மானிக்கிற சோதினை அது, ஆனா அப்ப என்னத்துக்கு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, கல்குலேட்டர் இல்லை, வசனக்கணக்கின்ர இங்கிலீசு பாதி விளங்கேல்லை, முடிய பிரிண்டரில ஒரு துண்டு வந்தது, பின்னக்கணக்கில இருந்து தொடங்கட்டாம். காசு கட்டவேணும், ஆனா பட்டத்துக்கு அந்த யூனிட் ஒண்டும் சேராது. ஒண்டரை வருசம் போச்சு. என்னோட இருந்த மெக்சிகன் பெடியள், கறுப்பினப் பெடியள் கனபேர் அடுத்த செமஸ்டருக்கு வரவேயில்லை, அவையள் மொக்கர் இல்லை, களைச்சுப் போச்சினம். கம்பசுக்குப் போகத் தமிழ்ப் பிள்ளையளிட்டக் கூட மாக்ஸ் கேட்ட தரப்படுத்தல் எண்ட சொல்லைக் கேட்டு வளந்த எங்கட ஆக்களுக்கு ஒரு இலக்கம் ஒராளை எப்பிடி மறிக்கும் எண்டு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பிறகு லோங் பீச்சுக்கு மாறினம். ஓக்லி அங்க 2007ல இருந்து தலைவர். தெற்கு லொஸ் ஏஞ்சலஸ் பெடியன், ஆமியில இருந்துபோட்டு கோல்டன் வெஸ்ட் எண்ட கம்யூனிட்டி கொலிஜில தொடங்கி அங்கயிருந்து யூசி அர்வைன் எண்ட யூனிவேர்சிற்றிக்குப் போனவர், அதால படிக்கட்டு எங்க உடைஞ்சிருக்கு எண்டு அவருக்குத் தெரியும். 2008ல லோங் பீச் பள்ளிக்கூடங்களும் கொலிஜும் ஸ்டேட் யூனிவேர்சிற்றியும் சேர்ந்து, கொலிஜுக்கும் யூனிவேர்சிற்றிக்கும் போக வழி செய்து தருவம் எண்டு பிள்ளையளுக்கு ஒரு வாக்குக் குடுத்திச்சினம், அதுதான் கொலிஜ் ப்ரொமிஸ். 2012ல வந்ததுதான் எனக்குப் பெரிசு. ஒரு ரெஸ்ற்றை மட்டும் பாக்காம ஹைஸ்கூலில எடுத்த கிறேட்டையும் பாத்து வகுப்பு குடுக்கத் தொடங்கிச்சினம், ஆர் பாஸ் பண்ணுவினம் எண்டதை அந்த ரெஸ்ற்றை விட கிறேட்தான் சரியாக் காட்டுது எண்டு அவையின்ர சொந்தக் கணக்கிலயே தெரிஞ்சது.

தங்கச்சி அந்த வருசம்தான் லோங் பீச்சில ஹைஸ்கூல் முடிச்சவள். நேர ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகுப்பு. நானும் அதே செமஸ்டர், அதே வகுப்பு. குசினி மேசையில ஒரே புத்தகத்தை நடுவில வச்சு வீட்டுவேலை செய்யேக்க, "அண்ணா, நீ இவ்வளவு நாளும் என்ன படிச்சனீ?" எண்டு கேட்டாள். நான் ஒண்டும் சொல்லேல்லை.

அவர் செய்ததெல்லாம் சரி எண்டு நான் சொல்லமாட்டன். குளிர்கால, கோடைகால வகுப்புகளுக்குக் கூடக் காசு வாங்கிற திட்டம் அவற்ற காலத்தில வந்தது, மாணவர் எதிர்த்தவை, எனக்கும் அது இண்டைக்கும் பிழையாத்தான் படுது.

2016 டிசம்பரில கலிபோர்னியாவின்ர நூத்துச் சொச்சக் கம்யூனிட்டி கொலிஜுகளுக்கும் பொறுப்பான சான்சலரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் லத்தீனோ அவர்தான். 2017ல ஏபி 705 எண்ட சட்டம் வந்து, 2019 இலையுதிர் செமஸ்டரோட, லோங் பீச்சில செய்த மாதிரி ஹைஸ்கூல் கிறேட்டைப் பாத்து வகுப்பு குடுக்கிறது மாநிலம் முழுக்க நடைமுறைக்கு வந்திட்டுது. 2022ல அவர் விலகிப் போயிட்டார்.

அந்த 2019லதான் அக்கான்ர மகன் கொலிஜில சேர்ந்தவன். முதல் நாள் நான்தான் காரில கொண்டுபோய் விட்டனான், வழியில அந்த ரெஸ்ற்றைப் பற்றிச் சொல்ல, "அது என்ன ரெஸ்ற் மாமா?" எண்டு கேட்டான்.